எந்த மைக் சொன்ன டெசிபல் அது?

தீபாவளி முடிந்த மறுநாள் ஊர் ஊராக எண்கள் கிளம்பிவிடும். "எங்கள் தெருவில் 131 டெசிபல்" என்று ஒருவர் கைபேசித் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார். "பசுமைப் பட்டாசாம், 92-க்கு மேல் ஏறவே இல்லை, காசைப் பிடுங்கிக்கொண்டார்கள்" என்று இன்னொருவர் போடுவார். முதல் படத்தை வைத்துக்கொண்டு சிவகாசிக்காரர்கள் சட்டத்தை மதிப்பதே இல்லை என்று ஒரு விவாதம் நடக்கும். இரண்டாவதை வைத்துக்கொண்டு சிவகாசிச் சரக்கு முன்போல இல்லை என்று இன்னொரு விவாதம் நடக்கும். அந்த எண்ணைக் கொடுத்த மைக் எது, அது எவ்வளவு சத்தம்வரை தாங்கும், மைக்குக்கும் திரைக்கும் நடுவில் எந்தெந்த மென்பொருள் கைவைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

நான் பிறந்தது விருதுநகர்; பிழைப்பு சிவகாசியில். அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் கணினி மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். பெரும்பாலும் இருப்புக் கணக்கு, கூலிக் கணக்கு, பில் போடுவது. அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். ஒலியை உள்வாங்கும் எந்த மென்பொருளும் முதல் வேலையாகத் தன்னோடு இணைந்திருக்கும் மைக்கின் விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதைப் பயன்படுத்துபவரிடம் ஒளிக்காமல் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாத மென்பொருள் தரும் எண்ணை யாரும் டெசிபல் என்று அச்சிடக் கூடாது. கேட்டால் நிரல் எழுதுபவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சின்ன விஷயம்போலத் தோன்றும். எங்கள் மாவட்டத்துக்கு இது சோற்றுப் பிரச்சினை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். வெறுமனே "125 டெசிபல்" என்று அதில் எழுதியிருக்கவில்லை. 1999 அக்டோபர் 5 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட வரையறை இது: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளக்கும்போது, 'ஏ' எடையிட்ட இம்பல்ஸ் அளவில் 125 டெசிபலையோ, 'சி' எடையிட்ட உச்ச அளவில் 145 டெசிபலையோ தாண்டும் பட்டாசைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வெடிக்கவும் கூடாது. அளக்கும் இடம் குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். சுற்றி 15 மீட்டருக்குள் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் சுவரோ வேறு பரப்போ இருக்கக் கூடாது. அளக்கும் கருவி அங்கீகரிக்கப்பட்ட ஒலிமானியாக இருக்க வேண்டும். சரவெடிக்குக் கணக்கு தனி. சரத்தில் எத்தனை வெடி கோத்திருக்கிறதோ அந்த எண்ணின் மடக்கையை 5-ஆல் பெருக்கி, ஒவ்வொரு வெடிக்கும் உள்ள வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். நூறு வெடி உள்ள சரமென்றால் 10 டெசிபல் குறைந்து 115, ஆயிரம் வாலா என்றால் 15 குறைந்து 110. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டுவிட்டதால் இந்தக் கழித்தல் கணக்குக்கு இப்போது வேலை குறைவு. ஆனாலும் எவ்வளவு நுணுக்கமாக யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த வாட்ஸ்அப் படத்துக்கு வாருங்கள். மொட்டை மாடியிலிருந்து எடுத்ததா, வாசற்படியிலிருந்து எடுத்ததா, தெரியாது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். விருதுநகர் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு வெடி போட்டால் எதிர்ச் சுவரும் பக்கத்துச் சுவரும் சேர்ந்து அதைத் திருப்பி அடிக்கும். அங்கே எண் ஏறும். இதெல்லாம் ஓரளவு பள்ளிக்கூடப் படிப்பிலேயே புரிந்துவிடும் சங்கதி. புரியாமல் கிடப்பது மைக்கின் சங்கதி.

அதை நான் கண்ணால் பார்த்தது சாத்தூர் சாலையில் உள்ள ஓர் ஆலையில். ஆலைக்குள் கைபேசிக்கே அனுமதி கிடையாது. சத்தம் சோதிக்கும் திடல் வேலிக்கு வெளியே, மருந்து அறைகளிலிருந்து நன்றாகத் தள்ளி, தனியாக இருக்கிறது. கான்கிரீட் தளம் போட்டு, நடுவில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, 4 மீட்டரில் வட்டம் போட்டிருந்தார்கள். அவர்களிடம் முறையான ஒலிமானி உண்டு. அது அளவு சரிபார்ப்புக்குப் போயிருந்த நேரத்தில், யாரோ தெரிந்தவர் மடிக்கணினியில் ஓர் இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் வரும் எண்ணைச் சோதனைப் பதிவேட்டில் தானாக ஏற்றித் தர முடியுமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போர்மேன் என் அப்பா வயதுக்காரர். வெடியைத் தளத்தில் வைத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தார். லட்சுமி வெடி. திரையில் 108. அடுத்து அணுகுண்டு வைத்தார். நெஞ்சுக்கூட்டில் வந்து அடித்தது அந்தச் சத்தம். திரையில் 108.

"ஏம்மா, ரெண்டுக்கும் நூத்தியெட்டுன்னு சொல்லுதே உங்க மிஷினு. என் காதுக்கு ரெண்டும் ஒண்ணாம்மா?"

"இல்லை அண்ணாச்சி. உங்க காதுதான் சரி" என்றேன்.

பதிவான ஒலி அலையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். பனையின் கொண்டையை அரிவாளால் சீவி எடுத்ததுபோல இரண்டு அலைகளும் ஒரே உயரத்தில் தட்டையாக நின்றன. அந்த உயரத்துக்கு மேல் போக மடிக்கணினிக்கு எண்ணே கிடையாது. 16 பிட் பதிவில் ஒவ்வொரு மாதிரியும் மைனஸ் 32,768 முதல் 32,767 வரை உள்ள ஏதோ ஒரு முழு எண். சத்தம் அதைத் தாண்டினால் கணினி 32,767 என்றே மறுபடி மறுபடி எழுதிக்கொண்டு போகும். அந்த மென்பொருளை எழுதியவர், இந்த உச்சம் வந்தால் 108 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம் என ஒரு மாறாத எண்ணை நிரலுக்குள் போட்டிருக்கிறார். அவருடைய சொந்த மடிக்கணினிக்கு அது ஒருவேளை பொருந்தியிருக்கலாம். ஆக, லட்சுமி வெடி, அணுகுண்டு, ஏன், திடலில் இடியே விழுந்திருந்தாலும் 108தான் வரும்.

இன்றைய மடிக்கணினிகளிலும் கைபேசிகளிலும் இருப்பது மிளகளவே உள்ள சிலிக்கன் மைக். மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. இவற்றில் பெரும்பாலானவை 120 டெசிபலை ஒட்டி மூச்சுத் திணறி, வரும் ஒலியைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். 120 டெசிபல் என்பது 20 பாஸ்கல் அழுத்தம். சட்டம் சொல்லும் 145 டெசிபல் உச்ச அளவு ஏறக்குறைய 356 பாஸ்கல், அதாவது கிட்டத்தட்ட 18 மடங்கு. நாக்பூரின் நீரி நிறுவனம் 2018-இல் பசுமைப் பட்டாசை அறிமுகம் செய்தபோது அதன் சத்தம் 105 முதல் 110 டெசிபல் வரை என்று சொன்னது. 110-க்கும் 125-க்கும் இடையில் அழுத்தம் ஐந்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. பசுமைப் பட்டாசு எது, வரம்பு மீறிய பட்டாசு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அந்த இடைவெளியில்தான் நம் சட்டைப் பையில் இருக்கும் மைக்கின் காது அடைத்துப்போகிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் தீபாவளி மறுநாள் விவாதங்களில் பாதி தானாக அடங்கிவிடும்.

மென்பொருளால் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? ஓரளவு முடியும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். போர்ட்ஆடியோ என்று ஓர் இலவச நிரல்தொகுப்பு இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதனிடம் கணினியில் உள்ள ஒலிக் கருவிகளின் பட்டியலைக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் பெயர், எத்தனை உள்வாங்கும் சேனல், இயல்பான சாம்பிள் ரேட், எவ்வளவு தாமதம் என்று வரிசையாகத் தரும். பைத்தானில் எழுதுபவர்களுக்கு 'சவுண்ட்டிவைஸ்' தொகுப்பில் இது ஒரே வரி வேலை. அந்தத் திடலிலேயே மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியை எழுதி ஓட்டினேன். உள்ளே பதித்த மைக், இரண்டு சேனல், 48,000 ஹெர்ட்ஸ் என்று வந்தது. விண்டோஸின் ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால் இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலிச் சரிப்படுத்தலும் இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தன.

இந்த இரண்டும் அலுவலகக் கூட்டத்துக்கு நல்லவை. பின்னணியில் யாராவது மேசையைத் தட்டினால் அமுக்கும், பேசுபவர் குரல் ஓங்கினால் இறக்கும், தாழ்ந்தால் ஏற்றும். பட்டாசு வெடித்தால் இவற்றுக்கு அதுவும் யாரோ மேசையைத் தட்டியதுதான். முதல் வெடிக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, இரண்டாவது வெடி வரும்போது குறைத்த நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு வெடியில் இரண்டாவது சத்தம் குறைவு என்று பதிவேட்டில் ஏறும். பாவம், மருந்து அடைத்த பெண்ணின் கைமேல் பழி விழும். விண்டோஸ் 8.1 முதல், இந்தச் சரிப்படுத்தல் எதுவும் இல்லாமல் பச்சையாக ஒலியை வாங்கும் வழி நிரலாளருக்குத் திறந்திருக்கிறது. கருவி அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். கேட்பவர்தான் குறைவு.

அன்று மதியம் இன்னொன்றும் நடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஒரு வெடி வைத்தார்கள். திரையில் எண் அறுபதுகளில் தடுமாறியது. நான் எழுதிய பட்டியல் வரியை ஓட்டினால் சாம்பிள் ரேட் 16,000 என்று வந்தது, சேனல் ஒன்று என்று வந்தது. கணக்குப்பிள்ளையின் ப்ளூடூத் ஹெட்செட் அந்த மடிக்கணினியோடு ஏற்கெனவே சேர்ந்த ஒன்று. அவர் அதைப் போட்டுக்கொண்டதும் விண்டோஸ் இயல்பு மைக்கை அதற்கு மாற்றிவிட்டது. அதாவது மடிக்கணினி 4 மீட்டர் வட்டத்தில் இருந்தது; கேட்டுக்கொண்டிருந்த மைக் திடலை ஒட்டிய ஆபீஸ் அறைக்குள் கணக்குப்பிள்ளையோடு இருந்தது. அந்த மென்பொருளின் திரையில் இது மாறியதற்கு ஓர் அடையாளமும் இல்லை. காலையில் எடுத்த எண்ணும் மதியம் எடுத்த எண்ணும் ஒரே பதிவேட்டில், ஒரே பத்தியில், அடுத்தடுத்து ஏறியிருக்கும். பிறகு ஓர் அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டினால் எதை நம்புவார்?

கருவி சொல்வதை அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் கூடாது. லினக்ஸில் 'டிஃபால்ட்' என்று வரும் கருவியைப் போர்ட்ஆடியோ வழியாகக் கேட்டால் 32 சேனல் இருக்கிறது என்று பல கணினிகளில் சொல்லும். உள்ளே இருப்பதோ ஒன்றோ இரண்டோ மைக். நடுவில் நிற்கும் ஒலிச் சேவை நிரல் எத்தனை கேட்டாலும் தருகிறேன் என்று கொடுக்கும் வாக்குறுதி அது. விண்டோஸின் பழைய ஒலி வழியில் கருவியின் பெயர் 31 எழுத்தோடு வெட்டுப்பட்டுவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு மைக்கை மாட்டினால் எது எது என்று பெயரைப் பார்த்துப் பிரிக்க முடியாது. உள்ளடையாள எண்ணைத்தான் கேட்க வேண்டும். இதைவிட மோசம், சாம்பிள் ரேட்டை விண்டோஸ் தானாகவே மாற்றிக் கொடுத்துவிடுவது. 8,000 ஹெர்ட்ஸில் வந்த ஒலியை 48,000 ஆக்கி நீட்டும். கோப்பைத் திறந்தால் 48,000 என்றே இருக்கும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் ஒன்றுமே இருக்காது. பட்டாசின் உச்சம் ஒரு மில்லி விநாடிக்குள் ஏறி இறங்கிவிடக் கூடியது. 48,000-இல் 21 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் கருவியும், 8,000-இல் 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை பார்க்கும் கருவியும் அந்த உச்சத்தை ஒன்றுபோலப் பிடிக்காது. எனவே பட்டியலைப் படித்தால் மட்டும் போதாது. கருவியைத் திறந்து, உண்மையில் என்ன வடிவத்தில் ஒலி வருகிறது என்று பார்த்து, முதலில் சொன்னதும் வந்து சேர்ந்ததும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விவரம் ஒன்று அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. எத்தனை பாஸ்கல் அழுத்தம் வந்தால் மைக் எந்த எண்ணைத் தரும் என்ற உணர்திறன்தான் அது. போர்ட்ஆடியோவின் கருவி விவரத்தில் அதற்கு இடமே ஒதுக்கவில்லை. அது தெரியாமல் ஒரு மென்பொருள் டெசிபல் என்று எதைக் காட்டினாலும் அது ஊகம். கைபேசியில் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னேறியிருக்கிறார்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், மைக்கின் உணர்திறன் என்ன, அது தாங்கும் அதிகபட்ச ஒலி என்ன என்று நிரல் கேட்க வழி செய்திருக்கிறது கூகுள். கைபேசி செய்தவர் அந்த விவரத்தை நிரப்பாவிட்டால் 'தெரியாது' என்றே பதில் வரும். எனக்கு அந்த 'தெரியாது' பிடித்திருக்கிறது. ஊகத்தை மூன்று இலக்க எண்ணாக உடுத்திக் காட்டுவதைவிட அது எவ்வளவோ யோக்கியமானது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 2014-இல் ஒரு சோதனை செய்தது. 192 ஒலி அளக்கும் ஆப்களை எடுத்துப் பார்த்ததில், சோதிக்கவே தகுதியானவை என்று தேறியவை ஐபோனில் 10, ஆண்ட்ராய்டில் 4. பிறகு 2017-இல் அவர்களே ஓர் ஆப் செய்து இலவசமாக விட்டார்கள். ஐபோனுக்கு மட்டும். ஆண்ட்ராய்டில் கைபேசிக்குக் கைபேசி மைக்கும் மென்பொருளும் வேறாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் பொதுவாக உறுதி சொல்ல முடியாது என்பதே காரணம். ஓர் அரசு நிறுவனம் தயங்குகிற இடத்தில், நம்மூரில் ஐந்து நிமிடம் முன்பு இறக்கிய ஆப்பை வைத்து ஒரு தொழிலையே தூக்கில் போடுகிறோம். அல்லது அதே ஆப்பை வைத்து, வரம்பு மீறியவரை விடுதலை செய்கிறோம்.

இந்த இரண்டாவது பக்கத்தையும் அழுத்தியே சொல்ல வேண்டும். சிவகாசிக்காரி என்பதால் ஆலைகளுக்காக வாதாடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சம் சீவப்பட்ட எண் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். 130-ஐ 108 என்று காட்டும் மென்பொருளால் யாருக்கு நஷ்டம்? பச்சைக் குழந்தை வைத்திருக்கும் வீட்டுக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கும்தான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கும் நஷ்டம்தான். என் அப்பா ஆலையில் போர்மேனாக இருந்தவர். சோதனைத் திடலில் திரி பற்றவைத்தே அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. வீட்டில் அவரோடு பேசுபவர்கள் இன்றைக்கும் வலது பக்கமாக வந்து உட்கார்ந்துதான் பேசுவோம். அவர் காலத்தில் திடலில் ஒழுங்கான அளவும் பதிவும் இருந்திருந்தால், எத்தனை வெடிக்கு மேல் ஒரு நாளில் ஓர் ஆளை நிறுத்தக் கூடாது என்று யாராவது யோசித்திருப்பார்கள். சரியான எண் தொழிலுக்குப் பகை இல்லை. தொழிலாளிக்கு அது கவசம்.

சாதாரண மனிதர் புகார் சொல்ல ஒலிமானிக்கு எங்கே போவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் தர ஒலிமானியின் விலை தனி மனிதர் வாங்கும் விலை இல்லை. ஆனால் கைபேசியால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. வெடித்த நேரத்தை அது பிசகாமல் சொல்லும். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் வெடிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரவு 11 மணிக்கு வெடித்தால் அதை நிரூபிக்க டெசிபலே தேவையில்லை, பதிவின் நேரம் போதும். ஓர் ஆப் "இந்தக் கைபேசியின் எல்லையைச் சத்தம் தாண்டிவிட்டது, இதற்கு மேல் எவ்வளவு என்று சொல்ல இயலாது" என்று நேர்மையாகத் திரையில் எழுதினால், அது 131 என்ற பொய்த் துல்லியத்தைவிடப் புகாருக்கு வலுச் சேர்க்கும். அதிகாரி முறையான கருவியோடு வர அது போதுமான காரணம்.

ஆலைகளுக்கும் மடிக்கணினி வேண்டாத பொருள் இல்லை. அதிக அழுத்தம் தாங்கும் அளவீட்டு மைக் ஒன்றை வெளியே இணைத்து, 1,000 ஹெர்ட்ஸில் 94 அல்லது 114 டெசிபல் தரும் காலிபரேட்டரை அதன் தலையில் மாட்டி, சோதனைக்கு முன்னும் பின்னும் சரிபார்த்தால், அன்றாட உள்தரச் சோதனைக்கு அது நன்றாகவே உதவும். சட்டப்படியான சோதனைக்கு ஒலிமானிதான். அந்த ஆலைக்கு நான் கடைசியில் எழுதிக் கொடுத்ததும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் எண்ணோடு சேர்த்து மைக்கின் உள்ளடையாளம், சாம்பிள் ரேட், பிட் ஆழம், சரிப்படுத்தல்கள் ஓடுகின்றனவா இல்லையா, கடைசியாகக் காலிபரேட்டர் மாட்டிய நேரம் எல்லாம் பதிவாகும். நடுவில் மைக் மாறினால் சோதனை நின்றுவிடும். மாதிரிகள் உச்சத்தில் தட்டையானால் எண்ணுக்குப் பதில் 'அளவு மீறியது' என்று சிவப்பில் வரும். போர்மேன் அண்ணாச்சிக்கு முதலில் அந்தச் சிவப்பு எரிச்சலாக இருந்தது. இப்போது அது வந்தால் மைக்கை அவரே சரிபார்க்கிறார்.

பட்டாசோடு இது நிற்பதும் இல்லை. தமிழில் பேசினால் எழுதித் தரும் மென்பொருளுக்குக் குரல் பதிவு சேகரிக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. 8,000 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் பேசியதை 48,000 என்று முத்திரை குத்திச் சேர்த்தால், 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற சீறொலிகளின் மேல்பகுதி காணாமல் போயிருக்கும். அதைக் கேட்டுப் படிக்கும் இயந்திரத்துக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் காதில் விழும். நோயும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்: மைக்கைக் கேள், கேட்டதை எழுதி வை.

ஆகவே சிலரிடம் நேராகவே கேட்கிறேன். செய்தி ஆசிரியர்களே, கைபேசித் திரையில் வந்த டெசிபல் எண்ணைத் தலைப்பாக்காதீர்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தீபாவளியை ஒட்டி இரைச்சலை அளந்து முடிவுகளை வெளியிடுகிறது. சென்னையில் 2011 முதல் நிரந்தரக் கண்காணிப்பு நிலையங்களும் இருக்கின்றன. அந்த முடிவுகளோடு, கருவி எது, எந்த வகுப்பு, கடைசியாக அளவு சரிபார்த்த தேதி என்ன என்று மூன்று பத்திகளைக் கூட்டி வெளியிட்டால் விவாதம் வேறு தரத்துக்குப் போகும். சிவகாசியில் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நீரியின் சோதனை வசதியும் இருக்கிறது. பக்கத்திலேயே மெப்கோ, பி.எஸ்.ஆர்., காமராஜ், கலசலிங்கம் என்று பொறியியல் படிப்பு தரும் கல்வி நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் ப்ராஜெக்ட் தேடி அலைகிறார்கள். சந்தையில் அதிகம் விற்கும் கைபேசிகளையும் மடிக்கணினிகளையும் முறையான ஒலிமானி பக்கத்தில் வைத்து, எது எந்தச் சத்தத்தில் தட்டையாகிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பொதுவில் வையுங்கள். இந்தப் பட்டியலை உலகத்தில் யார் போட்டாலும் சரிதான். ஆனால் முதலில் போட வேண்டியது விருதுநகர் மாவட்டம்.

என் தொழில்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒலியை அளக்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள், முதல் திரையில் மைக்கின் பெயரையும் அது தரும் விவரங்களையும் காட்டுங்கள். சரிப்படுத்தல் ஓடுகிறதென்றால் சொல்லுங்கள். உணர்திறன் தெரியாதென்றால் 'தெரியாது' என்று எழுதுங்கள். அந்த இடத்தில் டெசிபல் என்ற சொல்லைப் போடாதீர்கள்.